அலெகெனி மலையைப் படகு கடக்க நான்கு வழிகள்: 1831இல் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டபோது பிலடெல்பியா வணிகர்களுக்கு ஏற்பட்ட கலக்கம் நியாயமானது. ஹட்சன் ஆற்றிலிருந்து ஈரி ஏரி வரை 363 மைல் தொலைவுக்குப் படகுகள் தடையின்றிப் போய்வரத் தொடங்கியதும், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் விளையும் தானியமெல்லாம் இனி நியூயார்க் துறைமுகத்துக்கே போய்ச் சேரும் என்பது வணிகக் கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கியது. நியூயார்க்குக்கு வாய்த்த நிலமும் அப்படிப்பட்டது. மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கு மலைத்தொடரை இயற்கையாகவே பிளந்து வைத்திருந்ததால், ஹட்சனுக்கும் ஈரி ஏரிக்கும் இடையே இருந்த சுமார் 570 அடி மட்ட வேறுபாட்டை நீர்ப்பூட்டுகளைக் கொண்டே சமாளிக்க முடிந்தது. பிலடெல்பியா இருந்த பென்சில்வேனியா மாநிலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1826இல் அந்த மாநிலச் சட்டமன்றம், மேற்கே பிட்ஸ்பர்க்கை எட்டுவதற்கான தன் சொந்தக் கால்வாய்க்கு அனுமதி கொடுத்தபோது, கிழக்கே ஜூனியாட்டா ஆற்றங்கரையில் உள்ள ஹாலிடேஸ்பர்க்குக்கும் மேற்கே கோனமா ஆற்றங்கரையில் உள்ள ஜான்ஸ்டவுனுக்கும் நடுவே அலெகெனி முகடு கடல் மட்டத்துக்கு மேல் 2,300 அடிக்கும் அதிகமான உயரத்தில் குறுக்கே நின்றது.

அந்த மலையை அடிக்கணக்கில் பார்த்தால்தான் தேர்வின் கடினம் புரியும். ஹாலிடேஸ்பர்க்கிலிருந்து முகடு வரை பத்து மைலில் 1,398 அடி ஏற வேண்டும். அங்கிருந்து ஜான்ஸ்டவுன் வரை இருபத்தாறு மைலில் 1,171 அடி இறங்க வேண்டும். இதற்கு நான்கு வழிகள் இருந்தன. நீர்ப்பூட்டுகளும் சுரங்கமும் அமைத்துக் கால்வாயையே மலைமேல் கொண்டுபோகலாம். கால்வாயை அடிவாரத்தில் நிறுத்திப் படகை மட்டும் சாய்தளத்தில் இழுத்தேற்றலாம். படகையும் விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் தண்டவாளத்தில் ஏற்றி இறக்கலாம். அல்லது கால்வாய் என்ற எண்ணத்தையே கைவிட்டு முழுத் தொலைவுக்கும் ரயில்பாதை போடலாம். மலைமேல் ஏற வேண்டியது தண்ணீரா, படகா, சரக்கா என்று கேட்டுக்கொண்டால் இந்த நான்கையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியும்.

தண்ணீரை ஏற்றும் முதல் வழியே காண்பதற்கு மிக அழகானது, அன்றைய பொறியாளர்கள் முதலில் விரும்பியதும் அதுவே. நீர்ப்பூட்டு என்பது இரு முனைகளிலும் கதவுள்ள நீண்ட கல்தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடி, மேல் மட்டத்துத் தண்ணீரை உள்ளே விட்டால், படகு நீரோடு சேர்ந்து எட்டடியோ பத்தடியோ உயரும். மனித உழைப்பு சிறிது, நிலக்கரிச் செலவு இல்லை, சரக்கை யாரும் தொட வேண்டியதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே போய்விடுகிறது, அது திரும்பி வருவதில்லை. பென்சில்வேனியக் கால்வாயின் பூட்டுகள் சுமார் 90 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்டவை. எட்டடி உயர்த்தும் பூட்டு ஒன்றை நிரப்ப 10,800 கன அடி, அதாவது மூன்று லட்சம் லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீர் வேண்டும். முகட்டைத் தாண்டும் ஒவ்வொரு படகும் ஏறும் பக்கம் ஒரு தொட்டியும் இறங்கும் பக்கம் ஒரு தொட்டியுமாக ஆறு லட்சம் லிட்டரை உச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு ஐம்பது படகுகள் போனால் மூன்று கோடி லிட்டர். கசிவும் ஆவியாதலும் இதற்கு மேல்.

அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும்? நீர்ப்பூட்டுக் கால்வாய்க்குத் தண்ணீர் மிக அதிகமாகத் தேவைப்படும் இடம் உச்சி. மழை வடிந்து வந்து சேர நிலம் மிகக் குறைவாக இருக்கும் இடமும் அதுவே. அடிவாரத்தில் ஆறு ஓடுகிறது என்பதால் முகட்டுக்கு ஒரு பயனும் இல்லை. இந்த வழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூட்டுகளின் எண்ணிக்கையை எண்ணித் திகைக்கிறார்கள். அதுவும் திகைக்க வேண்டிய எண்ணிக்கைதான்: ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த 2,569 அடிக்குப் பத்தடிப் பூட்டுகளாகக் கட்டினாலும் ஏறக்குறைய 257 வேண்டும், பூட்டு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 36 மைலைக் கடக்க நாற்பது மணி நேரத்துக்கு மேல் பூட்டுகளுக்குள்ளேயே கழியும். ஆனால் பணமும் பொறுமையும் இருந்தால் பூட்டுகளைக் கட்டிவிடலாம். முகட்டில் இல்லாத ஓடையைக் கட்டி உண்டாக்க முடியாது. என் பார்வையில் இந்த வழியை வீழ்த்தியது அதுதான்.

இதற்கு மாற்றாகவே சுரங்கம் யோசிக்கப்பட்டது. மலையைக் கீழே குடைந்து உச்சி மட்டத்தைத் தாழ்த்தினால் பூட்டுகள் குறையும், வந்து சேரும் ஓடைகள் கூடும். பென்சில்வேனியாவின் ஆணையர்கள் தொடக்கத்தில் நான்கு மைல் சுரங்கம் ஒன்றை எண்ணிப் பார்த்தார்கள். தெற்கே, வாஷிங்டன் பக்கத்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை செல்லத் திட்டமிடப்பட்ட செசபீக் ஒஹாயோ கால்வாய்க்கும் அதே நான்கு மைல் சுரங்கம் தேவைப்பட்டது. அந்தக் கால்வாய்க்காகக் கூட்டாட்சி அரசின் பொறியாளர் குழு 1826இல் கொடுத்த மதிப்பீடு 398 பூட்டுகள், 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் செலவு என்று சொன்னது. அதில் மலையைத் தாண்டும் எழுபது மைல் நடுப்பகுதிக்கு மட்டும் 246 பூட்டுகள், சுமார் ஒரு கோடி டாலர். ஈரி கால்வாய் முழுவதும் சுமார் 70 லட்சம் டாலரில் முடிந்திருந்த காலம் அது.

சுரங்கத்தின் கால அளவை ஊகிக்க அந்தக் கால்வாயே ஒரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறது. மலையை அடையும் முன்பே, பொட்டோமாக் ஆற்றின் வளைவுகளைத் தவிர்ப்பதற்காக, அவர்கள் பாவ்பாவ் என்னுமிடத்தில் 3,118 அடிச் சுரங்கம் ஒன்றைக் குடையத் தொடங்கினார்கள். 1836இல் தொடங்கிய வேலை, பணம் தீர்ந்து இடையில் நின்று, 1850இல்தான் முடிந்தது. நான்கு மைல் என்பது 21,120 அடி. பாவ்பாவைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. வெடிமருந்தும் உளியும் சம்மட்டியும் மட்டுமே கருவிகளாக இருந்த காலத்தில், நீராவி ரயில் ஆண்டுக்கு ஆண்டு வேகம் கூட்டிக்கொண்டிருந்தபோது, அந்தச் சுரங்கம் முடியும் நாளில் அதைப் பயன்படுத்தப் படகுகள் இருந்திருக்குமா என்பதே ஐயம். செசபீக் ஒஹாயோ கால்வாய் 184.5 மைலோடு கம்பர்லாந்து நகரில் நின்றுவிட்டது. மலையை அது தொடவே இல்லை.

தண்ணீரையே மலைமேல் ஏற்றும் ஆசை அதோடு மறையவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1907இல் இத்தாலியப் பொறியாளர் பியெட்ரோ கமினாடா, ஜெனோவா துறைமுகத்திலிருந்து ஆல்ப்ஸ் மலையின் ஸ்ப்ளூகன் கணவாய் வழியாகக் கான்ஸ்டன்ஸ் ஏரி வரை ஒரு கால்வாயை வரைந்தார். மலைச் சரிவில் சாய்வாகப் படுத்திருக்கும் பிரம்மாண்டமான குழாய்களுக்குள் நீர் நிரம்ப நிரம்பப் படகு மிதந்தபடியே மேலேறும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அது கட்டப்படவில்லை. ஆயினும் பனி உருகி ஓடும் ஆல்ப்ஸில் உச்சிக்குத் தண்ணீர் கிடைக்கும் என்ற அளவிலாவது அவர் இடத்தைச் சரியாகவே பார்த்தார். அலெகெனியில் அந்தப் பனிமலைகள் இல்லை.

இரண்டாவது வழி, படகை ஏற்றுவது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பக்கத்து மாநிலமான நியூஜெர்சியிலேயே அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. டெலவேர் ஆற்றிலிருந்து நியூயார்க் துறைமுகம் நோக்கி நிலக்கரி கொண்டுவர வெட்டப்பட்ட மோரிஸ் கால்வாய், ஆற்று மட்டத்திலிருந்து 760 அடி ஏறி, கடல் மட்டத்துக்கு 914 அடி இறங்கியது. 1831இல் அது நியூவார்க் வரை திறக்கப்பட்டது. கொலம்பியா கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் ரென்விக் யோசனைப்படி, பெரும்பகுதி உயரத்தை 23 சாய்தளங்கள் ஏற்றுக்கொண்டன. பூட்டுகள் மிச்ச உயரத்துக்கு மட்டுமே. மிதக்கும் படகின் அடியில் தண்டவாளத்தில் ஓடும் தொட்டில் வண்டி ஒன்று நீருக்குள் நுழையும். படகு அதன்மேல் அமர்ந்ததும் வடம் இழுக்க, படகு நீரை விட்டு வெளியேறிச் சரிவில் ஊர்ந்து மேல் கால்வாய்க்குள் இறங்கும். முதலில் நீர்ச்சக்கரங்களும் பின்னர் இரும்பு டர்பைன்களும் அந்த வடத்தை இழுத்தன. அவற்றைச் சுழற்றியதும் மேல் கால்வாயிலிருந்து விழும் தண்ணீரே. மிக உயரமான சாய்தளம் ஒரே இழுப்பில் நூறு அடி ஏற்றியது, கால் மணி நேரத்துக்குள். அதே நூறு அடிக்குப் பத்துப் பூட்டுகள் கட்டியிருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தண்ணீர்க் கணக்கிலும் சாய்தளத்துக்கு ஒரு நுட்பமான ஆதாயம் உண்டு. பூட்டுக்குள் காலிப் படகு வந்தாலும் நிலக்கரி ஏற்றிய படகு வந்தாலும் தொட்டியை முழுதாக நிரப்பியாக வேண்டும். சாய்தளத்திலோ இழுக்கும் எடைக்கு ஏற்பவே தண்ணீர் செலவாகும். கிழக்கே நிலக்கரியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் படகுகள் பாதிப் போக்குவரத்தாக இருந்த கால்வாய்க்கு இது சிறிய சேமிப்பு அல்ல. உச்சியில் ஹோபாட்காங் ஏரி இருந்ததும் அதன் பேறு. மோரிஸ் கால்வாய் 1924 வரை நீடித்தது. அதன் சாய்தளங்களைப் பார்த்துச் சென்ற ஜார்ஜ் ஸ்டீன்கே பிரஷ்யாவில் அமைத்த கால்வாய், இன்று போலந்தின் எல்பிளாங் கால்வாய், 1860இல் திறக்கப்பட்டது. இன்றும் சுற்றுலாப் படகுகள் அங்கே புல்வெளி நடுவே தொட்டில் வண்டியில் ஏறிப் போகின்றன.

இவ்வளவு நன்றாக நடந்த முறையைப் பென்சில்வேனியா அப்படியே எடுத்துக்கொண்டிருக்கலாமே என்று தோன்றும். முடியாததற்குக் காரணம் மறுபடியும் உச்சித் தண்ணீர்தான். மோரிஸில் ஒவ்வொரு சாய்தளத்தின் தலையிலும் கால்வாய் இருந்ததால் டர்பைனுக்கு நீர் இருந்தது. பாதை முகட்டைத் தாண்ட வேண்டிய பிளேர்ஸ் கணவாயில் நீர் இல்லை. வடத்தை இழுக்க நிலக்கரியை எரிக்கும் நீராவி இயந்திரம்தான் வேண்டும். அன்றைய நீராவி இயந்திரத்தின் வலிமைக்கு முழுச் சரக்கோடு ஒரு படகு பெரிய பாரம்.

மாநிலம் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழியை. 1831 மார்ச்சில் சட்டம், 1834 மார்ச் 18இல் திறப்பு. சில்வஸ்டர் வெல்ச் தலைமையிலான பொறியாளர்கள் மூன்றே ஆண்டுகளில், 20 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், மலையின் ஒவ்வொரு பக்கமும் ஐந்தாகப் பத்துச் சாய்தளங்களும், அவற்றுக்கு இடையே சமதளப் பாதைகளும், அமெரிக்காவின் முதல் ரயில் சுரங்கமான 901 அடி ஸ்டேப்பில் பெண்ட் சுரங்கமும் கட்டி முடித்தார்கள். பாவ்பாவின் பதினான்கு ஆண்டுகளோடு இந்த மூன்று ஆண்டுகளை வைத்துப் பார்க்கும்போது, அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய செயல் என்று எனக்கு மனம் நிறைகிறது.

எட்டாம் எண் சாய்தளத்தை மட்டும் உற்றுப் பார்ப்போம். அதுவே மிக நீளமானது, 3,117 அடி. ஏற்றம் 300 அடிக்குச் சற்று மேல். தண்டவாளங்கள் கல் பாளங்களின் மேல் பதிக்கப்பட்டிருக்கும். தலைப்பகுதியில் ஒரு கொட்டகை. அதற்குள் 35 குதிரைத்திறன் கொண்ட நீராவி இயந்திரங்கள் இரண்டு. ஒன்று ஓடும்போது மற்றொன்று காத்திருக்கும், பழுதானால் வேலை நிற்காது. முடிவற்ற வளையமாக ஓடும் தடித்த வடத்தின் ஒரு பக்கத்தில் ஏறும் பெட்டிகளையும் மறுபக்கத்தில் இறங்கும் பெட்டிகளையும் கோத்துவிட்டால் ஒன்றின் எடை மற்றொன்றை இழுக்க உதவும். ஒவ்வொன்றும் ஏழாயிரம் ராத்தல் (பவுண்டு) எடையுள்ள நான்கு பெட்டிகள் ஏற, நான்கு இறங்க, மணிக்கு ஆறு முதல் பத்து முறை இப்படி நடந்தது. அந்த நான்கு பெட்டிகளின் எடை சுமார் 12.7 டன், பத்தில் ஒரு பங்கு சரிவில் மனிதர் விரைந்து நடக்கும் வேகத்தில் அதை இழுக்க ஏறக்குறைய முப்பது குதிரைத்திறன் வேண்டும். இயந்திரம் அந்த எடைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. படகை முழுதாக இழுக்க முடியாது என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது.

இந்த வழியின் குறைகள் இரண்டு. ஒன்று வடம். சணல் வடம் தேய்ந்தது, அறுந்தது, அறுந்தபோது பெட்டிகள் சரிவில் உருண்டன. 1840களில் ஜான் ரோப்ளிங் முறுக்கிக் கொடுத்த இரும்புக் கம்பி வடம் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது; பின்னாளில் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த அதே ரோப்ளிங்தான். இரண்டாவது குறை வடத்தால் தீராதது. பிலடெல்பியாவில் ரயிலில் ஏறிய ஒரு மாவுப் பீப்பாய், சஸ்குவஹானா ஆற்றங்கரையிலுள்ள கொலம்பியா என்னும் ஊரில் படகுக்கு மாறும். ஹாலிடேஸ்பர்க்கில் படகிலிருந்து மலைப்பெட்டிக்கு. ஜான்ஸ்டவுனில் பெட்டியிலிருந்து மறுபடி படகுக்கு. பிட்ஸ்பர்க் சேர்வதற்குள் மூன்று முறை கைமாற்றம். ஒவ்வொன்றிலும் கூலி, காத்திருப்பு, சேதம், களவு. ஈரி கால்வாயில் பஃபலோவில் ஏறிய பீப்பாய் ஆல்பனி வரை ஒரே படகில் போனது. நான் ஒப்பிட்ட வரையில், பென்சில்வேனியாவின் வழித்தடம் ஈரியோடு போட்டியிட முடியாமல் போனதற்கு மலையின் உயரத்தைவிட இந்தக் கைமாற்றங்களே பெரிய காரணம்.

இதற்கு மருந்து, மலைப்பாதை திறந்த அதே ஆண்டிலேயே தற்செயலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. 1834 அக்டோபரில் லாக்காவானாவிலிருந்து ஜெஸ்ஸி கிரிஸ்மன் என்பவர் குடும்பத்தோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் ‘ஹிட் ஆர் மிஸ்’ என்ற தன் படகில் மேற்கு நோக்கிப் புறப்பட்டு ஹாலிடேஸ்பர்க் வந்து சேர்ந்தார். அங்கே படகை விற்றுவிட்டு மலையைத் தாண்டுவது அவருடைய எண்ணம். சரக்குப் போக்குவரத்து நடத்திவந்த ஜான் டோஹெர்ட்டி, படகையே வண்டியில் வைத்து மலையேற்றலாம் என்றார். அப்படியே ஏற்றினார்கள். குடும்பம் படகுக்குள்ளேயே இருந்தது. இரவு முகட்டின் மேல் தங்கி, மறுநாள் இறங்கி, ஜான்ஸ்டவுனில் படகு மீண்டும் தண்ணீரில் மிதந்தது. அது சிறு படகு என்பதால் இயன்றது. பெரிய படகுகளுக்கு அடுத்த சில ஆண்டுகளில் விடை கிடைத்தது: படகையே மூன்று நான்கு துண்டுகளாகக் கட்டி, ஒவ்வொரு துண்டும் தனியே மிதக்கும்படி செய்து, மலையடியில் பிரித்துத் தனித்தனி வண்டிகளில் ஏற்றி, அப்பால் இறக்கிக் கோத்துவிடுவது. முப்பத்தைந்து குதிரைத்திறன் இயந்திரத்துக்கும் அது தாங்கக்கூடிய பாரம், சரக்கையும் யாரும் தொட வேண்டியதில்லை.

நான்காவது வழியான முழு ரயில்பாதையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 1825இல் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட வில்லியம் ஸ்ட்ரிக்லாண்ட் ரயில்பாதைகளைப் பற்றி விரிவான குறிப்புகளோடு திரும்பியிருந்தார். ஆனால் நீராவி ரயில் தன்னை நிரூபித்துக் காட்டிய ரெயின்ஹில் போட்டி நடந்தது 1829இல்தான். 1826இல் கால்வாயைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலம் ரயிலின் பக்கம் இருந்தது என்பது மட்டும் உண்மை: 1854இல் பென்சில்வேனியா ரயில்பாதை நிறுவனம் குதிரைலாட வளைவு வழியாக மலையைச் சாய்தளமே இல்லாமல் கடந்தது. மாநிலம் 20 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு 1855இல் சாய்தளங்களைத் தவிர்க்கும் புதிய மலைப்பாதையை முடித்தது. 1857இல் அதையும் சேர்த்து மொத்த வழித்தடத்தையும் 75 லட்சம் டாலருக்கு அந்த நிறுவனத்திடமே விற்றுவிட்டது.

செலவுக் கணக்கில் ஒன்று விடுபட்டுவிடக் கூடாது. மலையில் தண்ணீரை ஏற்றாமல் தவிர்த்த பிறகும், மேற்கே அடிவாரக் கால்வாய்க்குக் கோடையில் தண்ணீர் போதவில்லை. அதற்காக ஜான்ஸ்டவுனுக்குப் பதினான்கு மைல் மேலே சவுத் ஃபோர்க்கில் 72 அடி உயர மண் அணை ஒன்றை மாநிலம் 1838இல் தொடங்கி 1853இல் முடித்தது. அடுத்த ஆண்டே ரயில் மலையைக் கடந்துவிட்டது. அணைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கைமாறிக் கைமாறி, அடியிலிருந்த வெளியேற்றுக் குழாய்கள் பிடுங்கப்பட்டு, கடைசியில் செல்வந்தர்களின் மீன்பிடிப்புக் கழகம் ஒன்றின் ஏரியாக இருந்த நிலையில், 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் அது உடைந்தது. ஜான்ஸ்டவுனில் 2,209 பேர் இறந்தார்கள். 1831இல் மேசைமேல் இருந்த எந்த மதிப்பீட்டிலும் அந்த அணை இல்லை. கால்வாயை நீரால் நிரப்பி வைப்பதற்கான செலவை உச்சிக்கு மட்டும் கணக்கிடாமல் வழித்தடம் முழுவதற்கும் கணக்கிட்டிருந்தால், நான்காவது வழியின் மதிப்பு அப்போதே சற்றுக் கூடித் தெரிந்திருக்கும்.

1831இல் அந்த ஆணையர்களுக்கு நடுவே எனக்கு ஒரு வாக்கு இருந்திருந்தால், சுரங்கத்துக்கு எதிராகவும் பத்துச் சாய்தளங்களுக்கு ஆதரவாகவும் அவர்களோடு சேர்ந்தே வாக்களித்திருப்பேன். ஆனால் ஹாலிடேஸ்பர்க்கிலும் ஜான்ஸ்டவுனிலும் கிடங்குகளுக்கு முதலிடம் கொடுக்காமல், தண்டவாளம் நேரே நீருக்குள் சரிந்து இறங்கும் படகுத்துறைகளை முதல் நாளிலேயே கட்டச் சொல்லியிருப்பேன். மாநிலத்தின் மலைப்பாதையில் ஏறும் எந்தப் படகும் துண்டுகளாகப் பிரியும் படகாக இருக்க வேண்டும் என்பதையும் அதே சட்டத்தில் எழுதச் சொல்லியிருப்பேன். அந்தத் துறைகள் பின்னர் கட்டவும் பட்டன, துண்டுப் படகுகள் அவற்றில் இறங்கவும் செய்தன. ஆனால் முதலிலேயே வந்திருந்தால் கைமாற்றமில்லாத வழித்தடமாக மாநிலத்துக்கு இருபது ஆண்டுகள் முழுதாகக் கிடைத்திருக்கும்.